ஆறு லிட்டர் எண்ணெய் எங்கே போனது?

கார் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்கூட அதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. மேலே வெல்வெட் போர்வை. மூக்குக்கு நேரே ஓர் ஊதுபத்தி. சுற்றிலும் நான்கைந்து பேர் சத்தமில்லாமல் கை கட்டி நின்றார்கள்.

"எத்தன மணிக்கு எடுக்காவ?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டான் முத்துமாலை.

ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அது அதிக நேரம் மூடியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

ஞானசௌந்தரி பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அதற்கு முன் கல்லூரியில் வேதியியல் நடத்தினாள். மாணவர்கள் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தொழில் மாறினாள் என்பது அவளுடைய உதவியாளன் முத்துமாலையின் கருத்து. அவன் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகன். முன்பு மினி பஸ் நடத்துநர். சில்லறை தராமல் பேச்சிலேயே ஆளை இறக்கிவிட்ட அனுபவம் இந்த வேலைக்கும் போதுமானதாக இருந்தது.

காலையில் கிறிஸ்டி என்ற பெண் புன்னக்காயலிலிருந்து பஸ் ஏறி அவர்களைத் தேடி வந்திருந்தாள். அவள் கணவன் மார்ட்டின் இந்தக் காருக்கு டிரைவராக இருந்தவன். போன வாரம் வேலையை விட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் போலீஸ் நன்னடத்தைச் சான்று அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய முதலாளி, மார்ட்டின் தன் காரைக் கெடுத்துவிட்டான் என்று கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தார். எஸ்.ஐ. நல்ல மனிதர். நான்கு மணி வரை பார்ப்பேன், அதற்கு மேல் வழக்குப் பதிவு செய்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

முதலாளி திருஞானசம்பந்தம் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைச் சிங்கப்பூர் வரை அனுப்புகிறவர். நெற்றி நிறைய விபூதி. இந்த ஜெர்மன் கார் வந்த நாளிலிருந்து அவர் யாரையும் 'சௌக்கியமா' என்று விசாரிப்பதில்லை. 'வண்டியப் பாத்தியளா' என்றுதான் கேட்பார். எதிர்த் தரப்புக்காக வந்தவர்கள் என்று தெரிந்தும் வாசலில் நின்ற காருக்குப் பக்கத்தில் ஞானசௌந்தரிக்கு நாற்காலி போடச் சொன்னார். கேட்க ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு.

"போன வியாழக்கிழம பாபநாசம் மேட்டுல ஏறுதேன். டொம்முன்னு ஒரு சத்தம். அங்கனயே நின்னுட்டு. பின்னால வந்த மினி பஸ்காரன் சிரிச்சிட்டே போறான்."

கடைசி வாக்கியத்தில்தான் அவர் குரல் உடைந்தது.

"மெக்கானிக் என்ன சொன்னாரு?" என்றாள் ஞானசௌந்தரி.

"மதுரைலேர்ந்து வந்து பாத்தான். தானா கியர் மாறுத வண்டில்லா, அதுக்குன்னு தனி எண்ணெய் உண்டும். அத எவனோ மாத்தியிருக்கான். மாத்துனவன் ரெண்டு லிட்டர் கொறச்சு ஊத்தியிருக்கான். உள்ள எல்லாம் காஞ்சி கருகிட்டுன்னான். எவனோன்னா எவன்? மார்ட்டின் பயதான்."

"அவனுக்கு என்ன கோவம்?"

"போறேன்னான். போகாதலேன்னேன். அந்தக் கோவம்."

"கோவத்துல பழைய எண்ணெய எடுத்துட்டுப் புது எண்ணெய் ஊத்துனானா அண்ணாச்சி?" என்றான் முத்துமாலை. "இப்படி எனக்கு ஒரு எதிரி இருந்தா என் ஸ்கூட்டர் பொழச்சிக்கிடும்."

சம்பந்தம் அவனைப் பார்க்காமல் ஊதுபத்தியைப் பார்த்தார்.

"புதுசு ஊத்தணும்னா பழசு வெளிய வந்திருக்கணும். எவ்வளவு?" என்றாள் ஞானசௌந்தரி.

"ஆறு லிட்டராம்."

"அது எங்க போச்சு?"

கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. தோள் துண்டைச் சரிசெய்தார். "எங்கயாவது கொட்டியிருப்பான். பின்னால கால்வா ஓடுதுல்லா."

"கால்வாய்ல கொட்டியிருந்தா அன்னைக்குக் குளிச்ச ஊரே பளபளன்னு வந்திருக்குமே. அம்பாசமுத்திரம் வரைக்கும் பேச்சு போயிருக்கும்" என்றான் முத்துமாலை.

ஞானசௌந்தரி எழுந்தாள். "அது சிவப்பு எண்ணெய். ஆறு லிட்டர் சிவப்பை இந்த ஊர்ல ஒளிச்சு வைக்கது லேசில்ல. நாங்க பாத்துட்டு வாறோம்."

*

கழிவு எண்ணெய் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் கை காட்டும் இடம் ஷேக் மைதீனின் பைக் பட்டறை. வாசலில் ஒரு பீப்பாய். கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகையில் தடவ அதிலிருந்துதான் எடுத்துப் போவார்கள்.

"சிவப்பா வந்துதா பாய்?" என்றான் முத்துமாலை.

"இங்கன வாரதெல்லாம் கருப்புதான். கலர் கேக்கதுக்கு இது ஜவுளிக் கடையாவே?" ஷேக் மைதீன் ஒரு செயினைக் கழற்றிக்கொண்டே பேசினார். பிறகு கை நின்றது. "ஆனா ஒண்ணு. வருசா வருசம் கோயில் தேர் அச்சுக்கு எண்ணெய் வேணும்னு அப்பாத்துரை அண்ணாச்சி என்கிட்டதான் வருவாரு. இந்த வருசம் ஒரு கேன் எடுத்து வச்சிட்டுக் காத்திருந்தேன். வேண்டாம்னு சொல்லிவிட்டுட்டாரு. வெளிநாட்டு எண்ணெய் வந்திருக்காம். என் எண்ணெய்க்கு இப்பம் மதிப்பில்ல."

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"வெளிநாட்டு எண்ணெய் என்ன கலர்னு சொன்னாரா?" என்றாள் ஞானசௌந்தரி.

"குங்குமம் மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாரு."

*

தேர் வெள்ளிக்கிழமை ஓடி முடித்து நிலையில் நின்றது. விழாக் கமிட்டி அப்பாத்துரை அதன் நிழலில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"அதக் கேளுங்கம்மா. எத்தன வருசமா ஓட்டுதோம், இப்படி ஒரு ஓட்டம் ஓடுனதில்ல. வடத்தத் தொட்டதும் கெளம்பிட்டு. முட்டுக்கட்ட போடுத பயலுவ பயந்து ஓடிட்டானுவ. திருப்பத்துல ஒரு மளிகைக் கடை மயிரிழையில தப்பிச்சிது."

"சாமிக்கு என்ன அவசரமோன்னு ஊர் நெனச்சிருக்கும்" என்றான் முத்துமாலை.

"அப்படித்தான் நெனச்சிது. சாமி சந்தோசமா இருக்காருன்னு பேசிக்கிட்டாவ."

சக்கரங்களுக்கு நடுவே அச்சு கருஞ்சிவப்பாக மின்னியது. பக்தியுள்ள யாரோ அதன் மேல் ஒரு பூ வைத்திருந்தார்கள். ஞானசௌந்தரி கைக்குட்டை நுனியால் தொட்டு முகர்ந்தாள்.

"இதக் கொடுத்தது யாரு அண்ணாச்சி?"

அப்பாத்துரை தேரடி மூலையிலிருந்த ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கைக் கொண்டு வந்தார். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'உபயம்: அப்பளம் ஏற்றுமதி திருஞானசம்பந்தம்.' எழுத்து, தூக்கைச் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தையே தொட்டது.

முத்துமாலை தூக்கைச் சுற்றி நடந்து படித்து முடித்தான். "குத்தவாளி பேரு, தொழில் ரெண்டும் இருக்கு. செல் நம்பர் போட இடம் இல்லாமப் போச்சு."

"என்னைக்குக் கொடுத்தாரு?" என்றாள் ஞானசௌந்தரி.

"தேரோட்டத்துக்கு முந்துன ஞாயித்துக்கிழம. ஆறரை மணி தீபாராதனைக்கு நேரத்துல அவரே தூக்கிட்டு வந்தாரு. வேட்டில எல்லாம் கறை. மைக்குல மூணு தடவ பேர் சொல்லணும்னாரு. சொன்னோம். அவரு நின்னு கேட்டாரு."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அப்பாத்துரை சிரித்தார். "வாங்கும்போது தூக்கு கதகதன்னு இருந்திச்சும்மா. சர்க்கரைப் பொங்கல்னு நெனச்சு எலையோட வந்துட்டேன். தெறந்து பாத்தா இது."

ஞானசௌந்தரி அவரை இன்னொரு தடவை அதைச் சொல்லச் சொன்னாள். அவர் இலை என்ன இலை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

*

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் முத்துமாலை கணக்கை முடித்துவிட்டான்.

"எண்ணெய் சூடா இருந்திச்சுன்னா அன்னைக்குச் சாயங்காலந்தான் வடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழம மார்ட்டின் புன்னக்காயல்லன்னு கிறிஸ்டி சொன்னாளே. சர்ச்ல பூச, மதியச் சாப்பாடு, தூக்கம். பொறவு என்ன, எஸ்.ஐ.க்கு போனப் போடுவோம்."

"மத்தியானம் கிளம்பி, மூணு பஸ் மாறி வந்து வடிச்சிட்டுப் போனான்னு சம்பந்தம் அண்ணாச்சி சொல்லுவாரு. நீ பஸ் டிக்கெட் தேடிட்டு இருப்ப. நாலு மணி ஆயிரும்."

அவள் மதுரை மெக்கானிக்கைப் போனில் பிடித்துப் பேசினாள். பேசி முடித்து டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"என்னக்கா?"

"ரெண்டு லிட்டர் ஏன் குறைஞ்சதுன்னு தெரிஞ்சிட்டு. எஞ்சின் ஓடாதப்போ அந்த எண்ணெய் எல்லாம் அடியில ஒரு தட்டுல வந்து தங்கிரும். பாத்தா நெறஞ்ச மாதிரி வழியும். எஞ்சின் ஓடுனா பம்பு அத மேல இழுத்துக்கும். தட்டு எறங்கும். அப்பந்தான் மிச்சத்த ஊத்தணும். மாத்துனவன் எஞ்சினை ஓடவிடாமலே பாத்திருக்கான்."

"பஸ் ஸ்டாப்புல நிக்க கூட்டத்தப் பாத்துட்டு பஸ் ஃபுல்லுன்னு விசில் அடிச்ச மாதிரி."

"அதேதான்."

"ஏன் ஓடவிடல? திருட்டுத்தனமா செஞ்சவன் சத்தத்துக்குப் பயந்திருப்பான்..." முத்துமாலை பேச்சை நிறுத்தினான். "அக்கா, இது மார்ட்டினுக்கு ஆகாதே."

"ஆகாது. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா அதையும் புகார்ல சேர்த்துக்குவாரு."

"அப்பம் என்ன செய்ய?"

ஞானசௌந்தரி டீக்கடைச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியை எழுந்து போய்ப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை. மணி இரண்டரை. திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டாவது டீ சொன்னாள்.

"பொழப்பு போகப் போகுது ஒருத்தனுக்கு. நீங்க பைய டீ குடிக்கிய" என்றான் முத்துமாலை. அவன் கேலி செய்யவில்லை.

"மூணு அடிக்கட்டும்" என்றாள் அவள்.

*

சம்பந்தம் மதியத் தூக்கம் கலைந்து வந்திருந்தார். தேர் எண்ணெயைப் பற்றிக் கேட்டதும் அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த முத்துமாலை ஏமாந்தான்.

"ஆமா, நாந்தான் கொடுத்தேன். மைக்குலயே சொன்னாவளே. மார்ட்டின் வடிச்சு வச்சிருந்தான். வீணாப் போகுதே, சாமிக்காவது ஆகட்டும்னு தூக்கிட்டுப் போனேன்."

"கால்வாய்ல கொட்டியிருப்பான்னு சொன்னீய. இப்பம் பாத்தா, வடிச்சது அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. ஏன்னு அவன்கிட்டக் கேக்கலியா?" என்றாள் ஞானசௌந்தரி.

"பெருந்தன்மையா விட்டுட்டேன்."

"நாலு நாள் கழிச்சு வண்டி நின்னதும் பெருந்தன்மையும் நின்னுட்டு" என்றான் முத்துமாலை.

"சரி அண்ணாச்சி" என்று ஞானசௌந்தரி குறுக்கிட்டாள். "ஒரே ஒரு சந்தேகம். மாத்துனவன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே எண்ணெய அளந்திருக்கான். அதான் கொறஞ்சிட்டு."

சம்பந்தத்தின் முகம் மலர்ந்தது. "சத்தம் கேட்டா நான் வந்துருவேன்னு பயம். பாத்தியளா? திருட்டுப் பய."

"முத்துவும் அதத்தான் சொன்னான். அவ்வளவு சத்தமா வண்டி?"

"ஜெர்மன் வண்டிம்மா. பூனை மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு, அது தன் கட்சிக்கு உதவாது என்று உணர்ந்தார். "ஆனா கேக்கும்."

"கேட்டுப் பாத்துருவோம். கியர்பாக்ஸ்தானே போச்சு, எஞ்சின் ஓடும்லா. சாவியத் தாங்க."

சம்பந்தத்தின் கை இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தைத் தொட்டது. அப்படியே நின்றது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலரைக்கு மேல பாத்துக்கிடலாம்."

"எஸ்.ஐ. நாலு மணிக்கு எழுதிருவாரே."

"எழுதட்டும். அதுக்காக ராகு காலத்துல வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லுதியளா? எவனாவது செய்வானா?"

"இது ஓடாத வண்டி அண்ணாச்சி" என்றான் முத்துமாலை.

"ஓடாட்டி என்னவே? சாவி போட்டா போட்டதுதான். நான் பொறந்ததுலேர்ந்து ராகு காலத்துல ஒரு வண்டிச் சாவியத் திருப்புனதில்ல. என் வீட்டு வாசல்ல வேற எவனையும் திருப்ப விட்டதும் இல்ல. எவன் தலை போனாலும் சரி."

ஞானசௌந்தரி அவர் சொன்னதை அவரே ஒரு முறை கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழம ராகு காலம் நாலரைலேர்ந்து ஆறு" என்றாள் பிறகு. "தூக்கு சூடா கோயிலுக்கு வந்தது ஆறரைக்கு. அந்த நேரத்துல எண்ணெய் மாத்தியிருக்கு, ஆனா சாவில கை வைக்கல. மார்ட்டின் புன்னக்காயல்காரன். அவனுக்கு ராகு காலம் எப்ப வருது, எப்ப போகுதுன்னே தெரியாது. எஞ்சினை ஓட்டிப் பாத்திருப்பான்."

சம்பந்தம் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவர் ஏற்றுமதியாளராகத் தெரியவில்லை. வேட்டியில் கறைபட்ட ஒரு மனிதராகத் தெரிந்தார். இன்றைய வேட்டி சுத்தமாகத்தான் இருந்தது.

"வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தாவ. நான் மட்டும் சாப்டதும் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். "கம்பெனி லாரிக் குழி சும்மா கெடந்தது. வீடியோவுல ஒரு வெள்ளக்காரன் பாட்டுக் கேட்டுக்கிட்டே மாத்துதான். எனக்கென்ன கை இல்லையா?"

"எஞ்சினை ஓடவிட்டுப் பாக்கணும்னு அவன் சொல்லலியா?"

"சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் ஊர்ல ராகு வேற நேரத்துல வரும்."

"ஆறு மணிக்கு மேல ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கலாம்லா?"

"தட்டுதான் நெறஞ்சு வழிஞ்சிட்டே. மூடிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "கோயில்ல மைக்குல பேர் சொல்லுத நேரமும் ஆயிட்டு."

முத்துமாலைக்குச் சொல்ல நான்கு வாக்கியங்கள் வந்தன. ஞானசௌந்தரியின் முகத்தைப் பார்த்து நான்கையும் விழுங்கினான்.

"வண்டிய நானே கெடுத்தேன்னு ஊருக்குள்ள எப்படிச் சொல்லுவேன்?" என்றார் சம்பந்தம். "அவன் வேலைய விட்டுப் போறவன்தானே. போற எடத்துல யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன்."

"போற எடத்துலதான் அண்ணாச்சி கேக்காவ. அஞ்சு மணிக்குள்ள சான்று போகலன்னா அவன உள்ள விடமாட்டாவ. எஸ்.ஐ.க்குப் பேசுங்க."

சம்பந்தம் போனை எடுத்தார். நம்பரைத் தேடினார். கடிகாரத்தைப் பார்த்தார். போனை மறுபடி மடியில் வைத்தார்.

"நாலரைக்கு..."

"அண்ணாச்சி" என்றான் முத்துமாலை. மணி நான்குக்குச் சில நிமிடங்களே இருந்தன.

"நல்ல காரியம்மா. ராகு காலத்துல பேசுனா வெளங்காமப் போயிருமேன்னுதான்." அவர் உண்மையாகவே தவித்தார்.

ஞானசௌந்தரி தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். கல்லூரியில் மக்கு மாணவனுக்குச் சமன்பாடு சொல்லிக்கொடுத்த அதே பொறுமையோடு பேசினாள்.

"ராகு காலத்துல எதையும் தொடங்கத்தான் கூடாது அண்ணாச்சி. முடிக்கக் கூடாதுன்னு இருக்கா? நீங்க ஒரு புகாரை முடிக்கப் போறீய. தொடங்கல."

சம்பந்தம் விட்டத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. அந்தத் தர்க்கத்தை அவர் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. முத்துமாலை கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். பார்த்தால் அது வேகமாக ஓடியது.

"முடிக்கலாம்" என்றார் கடைசியில். போனைக் காதில் வைத்தார்.

"எஸ்.ஐ. சார், சம்பந்தம் பேசுதேன். அந்தக் கம்ப்ளெய்ண்ட வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஆமா. இல்ல சார், எண்ணெய் அதுவா கொறஞ்சிட்டு..."

ஞானசௌந்தரி ஒரு விரலை உயர்த்தினாள்.

"...நான் மாத்துனதுதான் சார். நானேதான். மார்ட்டினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எழுதியும் கொடுத்துருதேன். அந்தப் பயலுக்குத் துறைமுகத்துல வேல இருக்காம், ஒரு வழக்கும் இல்லன்னு இப்பமே அனுப்பிருங்க. உங்க கம்ப்யூட்டர்லதான இருக்கு."

எதிர்முனையில் எஸ்.ஐ. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. நீளமாகச் சொன்னார் என்பது சம்பந்தத்தின் காது சிவந்ததில் தெரிந்தது. போனை வைத்ததும் அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தெம்பு வந்தது.

"அனுப்பிட்டேன்னாரு. ஏம்மா, அப்பம் பழைய எண்ணெய வடிச்சதும் முடிக்குத காரியந்தானே? நான் செஞ்சதுல தப்பில்லல்லா?"

"வடிச்சது சரி அண்ணாச்சி" என்றான் முத்துமாலை. "ஊத்துனதுதான் தொடக்கம்."

ஞானசௌந்தரி வாசலுக்கு வந்து கிறிஸ்டியைப் போனில் அழைத்தாள். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கிறிஸ்டி, சான்று போயிட்டு. கேஸ் ஒண்ணும் இல்ல. மார்ட்டினை உடனே தூத்துக்குடிக்குக் கிளம்பச் சொல்லு. பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், யார் பைக்காவது..."

"அவுக வீட்ல இல்லக்கா."

"எங்க?"

"காலைலயே போயிட்டாவ. தாள் வந்தாலும் வராட்டியும் நான் அங்கன இருக்கணும்லான்னு சொன்னாவ. துறைமுகக் கேட்டுக்கு வெளிய நிக்காவ. இப்பம் பேசுனப்பவும் அங்கனதான்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என்னக்கா சொல்லட்டும் அவுககிட்ட?"

ஞானசௌந்தரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"உள்ள போகச் சொல்லு" என்றாள்.